தட்டு எடுக்கும் நேரம்

கடற்கரை ஹோட்டலில் எப்படி உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பதை அங்கே பரிமாறும் வேலையிலிருந்த மூத்தவள் வீட்டிலேயே சொல்லிக்கொடுத்திருந்தாள். அவள் லீவில் வரும்போதெல்லாம் அது ஒரு விளையாட்டு. நல்ல சாக்காகப் பார்த்து உதறி விரிப்பாள். அதன்மேல் செய்தித்தாள், செய்தித்தாளின்மேல் அலுமினியத் தட்டு. முள்கரண்டி இருக்கவேண்டிய இடப்பக்கத்தில் பல் போன சீப்பு, கத்தி இருக்கவேண்டிய வலப்பக்கத்தில் தங்கச்சியின் பழைய அடிஸ்கேல்.

"அம்மா, நீ கார்ல வந்து இறங்கின அம்மா. நிமிந்து உக்காரு. மடியில துணியப் போடு."

"கார்ல வந்தவளுக்கு இடுப்பு வலிக்காதாக்கும்."

"வலிச்சாலும் காட்டிக்கக் கூடாது. அப்பா, நீங்க தட்டுக்குக் குனியாதீங்க. கரண்டிதான் உங்ககிட்ட வரணும்."

அப்பா போட்டோ எடுக்க உட்கார்ந்தவர் போல விறைத்துக்கொண்டு சீப்பைத் தூக்கி வாய்க்குக் கொண்டுபோவார். இளையவள் சிரித்துப் புரையேறிவிடுவாள்.

எல்லாவற்றையும் அம்மா சரியாகச் செய்வாள். கடைசியில் மட்டும் தப்பாகிவிடும். சாப்பிட்டு முடித்தால் கத்தியையும் முள்கரண்டியையும் சேர்த்து நேராக வைக்கவேண்டும். அப்படி வைத்தால் முடிந்தது, எடுத்துக்கொண்டு போ என்று பொருள். அம்மா ஒவ்வொரு முறையும் ஒன்றின்மேல் ஒன்றைக் குறுக்கே போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்வாள்.

"குறுக்க வச்சா இன்னும் சாப்பிட்டுட்டு இருக்கேன்னு அர்த்தம்மா. பொழுது சாயுற வரைக்கும் யாரும் தட்டைத் தொட மாட்டோம். ஒருத்தர் முடிக்கலன்னாலும் அந்த மேஜையில ஒரு தட்டையும் எடுக்கக் கூடாது. எங்க சட்டம் அது."

"நேரா வச்சா உருண்டு கீழ விழாதா?"

"விழாது. நீ மாறவே மாட்ட. உன்னை உக்கார வச்சா எங்க ஹோட்டல் மூடவே மூடாது. இரு, ஒரு நாள் மூணு பேரையும் உக்கார வச்சு நான் பரிமாறுறேன் பாரு."

அது நடக்கிற காரியமில்லை என்று அவளுக்கே தெரியும். வேலை செய்கிறவர்களின் வீட்டு ஆட்கள் அந்தச் சாப்பாட்டுக் கூடத்துக்குள் வரக்கூடாது. அதுவும் அவர்கள் சட்டம்தான்.

இப்போது மூன்று பேரும் வந்திருந்தார்கள். மூத்தவளைக் கடல் கொண்டுபோய்ப் பதினாறு நாள் ஆகியிருந்தது.

அப்பாவுக்கு சிமெண்ட் குடோனில் மூட்டை தூக்கும் வேலை. அம்மா அதே குடோனில் கிழிந்த சாக்குகளை வாங்கிவந்து தைத்துக் கொடுப்பவள். தெருவில் அவளுக்கு ஊசிக்காரி என்று பெயர். எந்தச் சாக்கை எடுத்து நீட்டினாலும் அது யார் கைத் தையல் என்று சொல்லிவிடுவாள். முடிச்சைப் பார்க்கவே வேண்டாம், நூல் போகிற போக்கே போதும் என்பாள். ஏழாவது வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோன இளையவள் பக்கத்தில் உட்கார்ந்து நூல் கோத்துக் கொடுப்பாள். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. வீட்டுக்கு வருகிற காகிதத்தை இளையவள்தான் படிக்கவேண்டும். 'மகளின் உடைமைகளைப் பெற்றுக்கொள்ள நேரில் வரவும்' என்ற கடிதத்தையும் அவள்தான் படித்தாள்.

காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அப்பா ஒரு டீ குடிக்கலாம் என்றார். கண்ணாடி போட்ட கடையில் விலையைக் கேட்டார். கேட்டுவிட்டு, "பரவால்ல, பசியில்ல" என்று டீக்கடைக்காரனிடம் சொன்னார். டீக்கும் பசிக்கும் என்ன சம்பந்தம் என்பது போல அவன் பார்த்தான். அந்த ஊரில் எல்லாமே வெள்ளையாக இருந்தது. சுவர் வெள்ளை, குடை வெள்ளை, நடந்துபோகிறவர்களின் செருப்புகூட வெள்ளை. அழுக்காகிற வேலையை யார் எங்கே வைத்துச் செய்கிறார்கள் என்று அம்மா நினைத்தாள். நினைத்ததோடு சரி. இந்தப் பதினாறு நாளாக எந்த நினைப்பும் அவளிடம் நிற்பதில்லை. ஓட்டைச் சாக்கில் போட்ட தவிடு மாதிரி கீழே இறங்கிவிடுகிறது.

நிற்பது ஒன்றே ஒன்றுதான். எதற்குக் கடலில் இறங்கினாள்?

கணுக்கால் நனைந்தாலே காலை இழுத்துக்கொள்கிற பெண். மழை நாளில் தெருவில் தண்ணீர் ஓடினால் அப்பாவின் தோள்மேல் ஏறிக்கொண்ட பெண். இரண்டு வருடம் கடல் பக்கத்திலேயே வேலை பார்த்தும், "கடலா, அது அது பாட்டுக்கு அங்க இருக்கு, நான் என் பாட்டுக்கு இங்க இருக்கேன்" என்றவள். தெருப் பெண்கள் துக்கம் கேட்க வந்தார்கள். அழுதார்கள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, "ஆமா, கடல்ல எதுக்கு இறங்குனா? கூட யாராச்சும் இருந்தாங்களா?" என்றார்கள். அம்மா சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

மேனேஜர் தன் அறையில் அவர்களை உட்காரவைத்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். குரலை உயர்த்தவில்லை. நீலப் பை ஒன்றை மேஜைமேல் வைத்து, உள்ளே இருப்பதை ஒரு பட்டியலைப் பார்த்துப் படித்தார். சுடிதார் நாலு. செருப்பு ஒரு ஜோடி. சீப்பு, கண்ணாடி, பவுடர். ஒரு குடை. கடைசியில் ஒரு காகிதத்தை இளையவளிடம் கொடுத்தார்.

"படிச்சுச் சொல்லும்மா. எல்லாருக்கும் தெரியணும்."

இளையவள் படித்தாள். அவளுக்கு மற்றவர்கள் முன்னால் குரல் வராது. குனிந்து, காகிதத்தோடு பேசுவது போலப் படித்தாள். எங்கள் மகள் பணி இல்லாத நேரத்தில், தன் சொந்த விருப்பத்தின் பேரில் கடலில் இறங்கியபோது இது நடந்தது என்றும், இதில் நிர்வாகத்துக்குப் பொறுப்பு எதுவும் இல்லை என்றும், நிர்வாகம் இரக்கத்தின் பேரில் தரும் உதவியைப் பெற்றுக்கொள்கிறோம் என்றும் எழுதியிருந்தது. கீழே அப்பாவுக்கு ஒரு கோடு, அம்மாவுக்கு ஒரு கோடு.

"அவளுக்கு அன்னைக்கு லீவுங்களா?" என்றாள் அம்மா.

"ஆமாம்மா. லீவு நாள்ல பிள்ளைங்க கடலுக்குப் போறதுதான். எவ்வளவு சொன்னாலும் கேக்க மாட்டாங்க." மேனேஜர் பெருமூச்சு விட்டார். "கையெழுத்துக்கு அவசரமில்ல. தூரத்துலேர்ந்து வந்திருக்கீங்க. இன்னைக்கு நீங்க எங்க விருந்தாளி. முதல்ல சாப்பிடுங்க. தட்டு எடுத்ததும் நான் வரேன்."

கூடம் முழுக்கக் கண்ணாடி. கண்ணாடிக்கு அப்பால் கடல். கடலுக்கு இறங்கும் படிகளின் வாயிலில் கயிறு கட்டியிருந்தது. அவர்களுக்குக் கடலுக்கு முதுகு காட்டுகிற மேஜையாகப் பார்த்துக் கொடுத்திருந்தார்கள். அம்மா உட்கார்ந்ததும் மேஜைத் துணியின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். மெஷின் தையல். ஒரு மூலையில் மட்டும் கையால் தைத்த ஒட்டு, ஆனால் நல்ல கை.

பரிமாற வந்தவன் அவ்வளவு உயரமாக இருந்தான். அவன்தான் நெட்டை என்று மூவருக்கும் உடனே தெரிந்துவிட்டது. மூத்தவள் சொல்லிச் சொல்லி அவர்கள் வீட்டில் அவனுக்கு ஒரு இடமே இருந்தது. வாசற்படியில் தினமும் நெற்றியை இடித்துக்கொள்கிறவன், மீன் முள்ளை எண்ணி எடுக்கிறவன். அவனுக்கும் இவர்களைத் தெரிந்திருந்தது. ஆனால் மேனேஜர் கதவருகே நின்றார்.

"வணக்கம். தண்ணி எது கொண்டுவரட்டும்?"

"எதுன்னா?" என்றார் அப்பா.

"சாதாவா, கேஸ் போட்டதா, ஊத்துத் தண்ணியா..."

"குடிக்கிற தண்ணி."

"சரிங்கய்யா."

அவன் போனதும் அப்பா மெதுவாகச் சொன்னார். "தண்ணியில இத்தனை சாதி இருக்குன்னு அவ சொல்லவே இல்லையே."

"சொன்னாப்பா," என்றாள் இளையவள். "நீங்கதான் நம்பல."

சாப்பாட்டுப் பட்டியல் அட்டையில் விலை போட்டிருக்கவில்லை. விருந்தாளிகளுக்குக் கொடுக்கும் அட்டை அப்படித்தான் என்று இளையவளுக்கு அக்கா சொன்னது நினைவிருந்தது. அப்பா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, விலை எங்கோ ஒளிந்திருப்பது போலப் பின்பக்கத்தையும் பார்த்தார். கடைசியில் நெட்டையே சூப்பும் மீனும் கொண்டுவருவதாகச் சொல்லிப் போனான்.

சூப் வந்தது. மூவரும் ஒரே நேரத்தில் துணியை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்கள். பக்கத்து மேஜையில் ஒரு வெள்ளைச் சட்டைக்காரர் திரும்பிப் பார்த்தார். அப்பா விறைத்து உட்கார்ந்தார். கரண்டி அவரிடம் போயிற்று, அவர் கரண்டியிடம் போகவில்லை. இளையவள் சத்தமில்லாமல் உறிஞ்சினாள். அவர்கள் மூவரையும் பார்த்தால் வாரம் ஒரு முறை இங்கே வருகிறவர்கள் என்றுதான் சொல்லவேண்டும். அப்பாவின் விரல் இடுக்குகளில் மட்டும் கழுவினாலும் போகாத சாம்பல் நிறம் இருந்தது.

"கிண்ணம் சூடும்மா, பாத்து" என்றான் நெட்டை.

அம்மா கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். கோணி ஊசி குத்திக் குத்தி அவள் விரல் நுனிகளுக்குச் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. இப்போது உடம்பு முழுக்க அப்படி ஆகிவிட்டது. சூப்பில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. கிண்ணம் காலியானதும்தான் குடித்திருக்கிறோம் என்று தெரிந்தது.

"என்னங்க, கையெழுத்துப் போடப் போறீங்களா?"

அப்பா வாயைத் துடைத்தார். துணியால் ஒற்றவேண்டும், தேய்க்கக் கூடாது. ஒற்றினார்.

"போடாம என்ன பண்றது?"

"கடல்ல ஆட்டம் போடப் போனான்னு எழுதியிருக்கு."

"அப்படியா எழுதியிருக்கு? விருப்பப்பட்டு இறங்கினான்னு எழுதியிருக்கு."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணுதான். இறங்கினாளோ, இறங்கலையோ. இனி தெரிஞ்சு என்ன ஆகப்போவுது? நாளைக்கு லோடு வருது. நான் போகலன்னா வேற ஆளைப் போட்டுக்குவான்."

"நீங்க போடுங்க. நாளைக்கு யாராவது கேட்டா, ஆமா விளையாடப் போனா, நாங்களே எழுதிக் கொடுத்துட்டோம்னு சொல்றேன்."

அப்பா சூப்போடு வந்த ரொட்டியைப் பிய்த்தார். கத்தியால் வெட்டக்கூடாது, பிய்க்கவேண்டும்.

மீன் வந்தது. முழு மீனை நெட்டை அவர்கள் கண்முன்னே பிரித்து, முள்ளை எடுத்து ஓரமாக வைத்தான். அவன் உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தான். அம்மா இரண்டு வாய் சாப்பிட்டாள். பிறகு எழுந்தாள்.

"கை கழுவுற எடம் எங்கப்பா?"

"அந்தப் பக்கமா நேராப் போயி, இடது கைப்பக்கம்மா."

இளையவளும் கூடப் போனாள். நேராகப் போனார்கள், இடது பக்கம் இரண்டு கதவு இருந்தது. அம்மா முதல் கதவைத் தள்ளினாள். அது கை கழுவும் இடமில்லை. வெளி நடை. தார்ப்பாய் போட்டு மூடிய நாற்காலிகள், ஒரு கட்டுக் குடைகள், அதற்கு அப்பால் கயிறு கட்டிய படிகள். படி தொடங்கும் இடத்தில் சுவரில் சாய்த்து ஒரு கறுப்புப் பலகை நின்றது. வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு இன்றைக்கு என்ன சாப்பாடு என்று எழுதி வைக்கிற பலகை. ஈரத்துணியால் துடைத்தால் மட்டும் போகிற வெள்ளைப் பெயிண்ட் பேனாவில் எழுதியிருந்தது.

அம்மா நின்றுவிட்டாள்.

"கை கழுவ வேண்டாமாம்மா?"

"இது அவ கை."

இளையவள் பலகையைப் பார்த்தாள்.

"அவ கைதான். ஒவ்வொரு வரி முடியுற எடத்துலயும் வாலை இழுத்து விட்டிருக்கா பாரு. நூலை வெட்டாம விட்டமாதிரி. நான் அவளை எத்தனை தடவை திட்டியிருக்கேன், சாக்குல பேரு எழுதச் சொன்னா இப்படித்தான் இழுப்பா. படி, என்ன எழுதியிருக்கு?"

"வெள்ளரிக்கா சூப்பு. வாட்டுன மீன், எலுமிச்சை. உருளைக்கிழங்கு, வெண்ணெய்." இளையவள் நிறுத்தினாள். "அப்புறம் 'பழ'ன்னு இருக்கு. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"முடிக்கல. வாலும் இல்ல."

"மேல என்ன போட்டிருக்கு?"

இளையவள் விரலால் பலகையைத் தொட்டாள். பிறகு சொன்னாள்.

"தேதி. அக்கா போன அன்னைக்குத் தேதிம்மா. இன்றைய மதிய உணவுன்னு எழுதி, அன்னைக்குத் தேதி போட்டிருக்கு."

பின்னால் கதவு திறந்தது. நெட்டை. வழக்கம்போல நெற்றி நிலையில் இடித்தது. அவன் தேய்த்துக்கொள்ளவில்லை.

"அம்மா, இது இல்லம்மா கை கழுவுற எடம். பக்கத்துக் கதவு."

"தம்பி, லீவு நாள்ல இந்தப் பலகைய எழுதுவாங்களா?"

அவன் கண் கூடத்துப் பக்கம் போய்வந்தது.

"தினம் அவதான் எழுதுவா," என்றான். "எழுத்து நல்லாருக்கும்னு. அன்னைக்கும் காலையில வேலைக்கு வந்துட்டு எழுதிட்டு இருந்தா. அலை பெருசா வருது, கீழ மணல்ல குடையெல்லாம் இருக்கு, எடுத்துட்டு வாங்கன்னு சொன்னாங்க. நாங்க நாலு பேரு இறங்கினோம். குடை ஒண்ணொண்ணும் விலை அதிகம். ஏழு குடை. ஆறு எடுத்தாச்சு."

அலைச் சத்தம் கேட்டது. பெரிய சத்தமில்லை.

"ஏழாவதுக்கு அவ போனாளா?"

"அவதான் பக்கத்துல நின்னா." அவன் கீழே பார்த்தான். "தண்ணியில கால் வைக்க மாட்டேன்னுதான் சொன்னா. அப்புறம் வச்சா. மறுநாளே இந்தப் பக்கத்தை மூடிட்டாங்க. பலகைய யாரும் நினைக்கல. எனக்குத் துடைக்கக் கை வரல. நான் சொன்னேன்னு சொல்லாதீங்கம்மா. எங்க வீட்டுல நான் ஒருத்தன்தான் சம்பாதிக்கிறேன்."

"சொல்ல மாட்டேன். நீ போ. மீனு ஆறிடும்."

அவர்கள் திரும்பி வந்தபோது அப்பா சாப்பிட்டு முடித்திருந்தார். கத்தியும் முள்கரண்டியும் தட்டில் சேர்த்து நேராக இருந்தன. ஒரு தப்பில்லை. கதவருகில் மேனேஜர் காகிதமும் பேனாவுமாக நின்று மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். துணியை மடியில் போட்டாள்.

"என்னங்க. அந்த நடைக்குக் கை கழுவப் போங்க."

"நான் கழுவிட்டேனே."

"இன்னொருக்கா கழுவுங்க. முதல் கதவு. பெரியவ எழுதின பலகை ஒண்ணு இருக்கு. தேதியப் படிச்சுட்டு வாங்க."

அப்பா மனைவியின் முகத்தைப் பார்த்தார், மகளின் முகத்தைப் பார்த்தார், எழுந்து போனார். அவருக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்கவரும். நேரமாயிற்று. இளையவள் ஒரு உருளைக்கிழங்கைத் தட்டுக்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டினாள். அம்மா மீனில் ஒரு துண்டை எடுத்து மென்றாள். உப்பு தெரிந்தது. கொஞ்சம் தூக்கலாகவே போட்டிருந்தார்கள்.

அப்பா வந்தார். உட்கார்ந்தார். மூட்டை இறக்கிவிட்டு வருகிறபோது உட்காருவது போல, இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"பழம்னு எழுத வந்திருக்கா," என்றார்.

"ஆமா."

"கூப்பிட்டிருக்காங்க."

"ஆமா."

"சொன்ன பேச்சைக் கேட்டிருக்கா."

அம்மா கத்தியை எடுத்தாள். முள்கரண்டியை எடுத்தாள். ஒன்றின்மேல் ஒன்றைக் குறுக்கே வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு மடியில் வைத்துக்கொண்டாள்.

மேனேஜர் தலையசைத்தார். நெட்டை வந்தான். அப்பாவின் தட்டுக்குக் குனிந்தவன் அம்மாவின் தட்டைப் பார்த்தான். அப்படியே நிமிர்ந்தான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"என்னப்பா, எடுக்கலையா?" என்றார் மேனேஜர், நெருங்கி வந்து, மெல்லிய குரலில்.

"அம்மா இன்னும் முடிக்கல சார்."

மேனேஜர் சிரித்த முகத்தோடு அம்மா பக்கம் குனிந்தார். "பிடிக்கலையாம்மா? வேற ஏதாவது கொண்டுவரச் சொல்லட்டுமா?"

"நல்லாருக்குங்க. நான் மெதுவாத்தான் சாப்பிடுவேன்."

"அப்படியா, சரி. அய்யா வேணா இதுல..."

அப்பா காகிதத்தைப் பார்க்கவில்லை. தன் தட்டைப் பார்த்தார். நேராக இருந்த முள்கரண்டியை இரண்டு விரலால் எடுத்து, கத்தியின்மேல் குறுக்கே வைத்தார். மூட்டை தூக்குகிற கை. சத்தமே வரவில்லை. இளையவளும் வைத்தாள்.

"ஒண்ணு கேக்கணும்," என்றாள் அம்மா. "எங்க பொண்ணு சாமானெல்லாம் குடுத்தீங்க. ஒண்ணு விட்டுப்போச்சு. அந்த நடையில பலகை ஒண்ணு இருக்கு. அவ எழுதினது, மேல தேதியோட. அதை யாரும் துடைக்காமக் கொண்டாந்து இங்க வைக்கச் சொல்லுங்க. அதையும் அந்தப் பட்டியல்ல சேத்து எழுதுங்க. அப்புறமா உங்க காகிதத்தைப் பத்திப் பேசலாம்."

மேனேஜரின் முகத்தில் சிரிப்பு இருந்த இடத்திலேயே இருந்தது. காகிதத்தை ஒருமுறை மடித்தார். பிரித்தார். பக்கத்து மேஜைகளில் ஆட்கள் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். அவர் நெட்டையைப் பார்த்தார். நெட்டை மேஜைக்குப் பக்கத்தில், மூன்று தட்டுகளுக்கும் காவல் போல, கையைப் பின்னால் கட்டியபடி நின்றான்.

"அது ஹோட்டல் பலகைம்மா," என்றார் கடைசியில்.

"பலகை உங்களதுதான். அவசரமில்லைங்க. நாங்க இருக்கோம்."

வாசலில் புதிய ஆட்கள் மேஜைக்குக் காத்து நின்றார்கள். நல்ல பசியோடு வந்தவர்கள் போலிருந்தது. மீனின் மேல் வெண்ணெய் உறைந்து வெள்ளையாகப் படிந்தது. அம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். இடுப்பு வலித்தது. அவள் காட்டிக்கொள்ளவில்லை.